ஈஸ்வரன் பெயரில் வந்த சாம்பிள்

வைத்தீஸ்வரன் ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய ரத்தத்தைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்பது அவனுக்கே தெரியாது. எண்ணுகிற வழக்கத்தை விட்டுப் பல வருஷம் ஆகிறது. காக்ஸ் டவுன், ஜீவனஹள்ளி, லிங்கராஜபுரம், பானஸ்வாடி என்று தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் கலெக்‌ஷன் சென்டர்களில் காலையில் ஊசி குத்தி எடுத்த ரத்தம் காத்துக்கொண்டிருக்கும். அதை வாங்கி, பைக்கின் பின்சீட்டில் கட்டியிருக்கும் நீலப் பெட்டிக்குள் ஐஸ் பைகளுக்கு நடுவே அடுக்கி, அல்சூர் பக்கம் இருக்கிற மெயின் லேபில் கொண்டுபோய் இறக்க வேண்டும். இறக்கிவிட்டு மறுபடியும் ஒரு சுற்று. என்ன வேலை என்று யாராவது கேட்டால் "லேப்ல" என்பான். கேட்டவர்கள் வெள்ளைக் கோட்டை நினைத்துக்கொள்வார்கள். அவன் திருத்துவதில்லை; திருத்துவதற்கும் தெம்பு வேண்டுமே.

லேபில் எல்லோருக்கும் அவன் வைத்தி. பிறந்ததும் வளர்ந்ததும் ஜீவனஹள்ளி. பி.யூ.சி.யில், அதாவது பிளஸ் டூவில், கணக்கு காலை வாரிவிட்டது. கொஞ்ச காலம் கூரியர், கொஞ்ச காலம் கேஸ் ஏஜென்சி, அப்புறம் இந்தப் பெட்டி. பெருமைப்பட்டுக்கொள்ள அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். இத்தனை வருஷத்தில் அவன் கையில் ஒரு சாம்பிள் கெட்டதில்லை, ஒன்று லேட்டாக வந்ததில்லை. மற்ற பையன்கள் டீக்கடை வாசலில் வெயிலில் பெட்டியை விட்டுவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வைத்தி டீ குடிக்கும்போதுகூட ஒரு கை பெட்டிமேல் இருக்கும்.

அந்தப் பெருமைக்கு ஒரு ஷீல்டுகூட உண்டு. டேனரி ரோட்டில் ஒருநாள் ஆட்டோக்காரன் கைகூடக் காட்டாமல் திரும்பினான். பிரேக் பிடித்த வேகத்தில் வைத்தி பெட்ரோல் டேங்க்மேல் போய் மோதினான். படக் கூடாத இடத்தில் பட்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் வண்டி சாயாமல் காலை ஊன்றிப் பெட்டியைக் காப்பாற்றினான். அப்படியே லேப் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தான். அங்கே வீங்கிப்போனது அடங்க வெகுநாள் ஆயிற்று. டாக்டரிடம் போகவில்லை. எந்த வாயால் சொல்வது? பெண்டாட்டி சரளாவிடம் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சொல்லி, காலை அகட்டி அகட்டி நடந்துகொண்டிருந்தான். அந்த வருஷக் கடைசியில் லேபில் கைதட்டி ஷீல்டு கொடுத்தார்கள். டிவிக்குப் பக்கத்தில் இப்போதும் இருக்கிறது. சரளா வாரம் ஒருமுறை துடைத்து வைப்பாள்.

சரளா பக்கத்து நர்சரி ஸ்கூலில் ஆயா. நாள் முழுக்க யார் யார் பெற்ற பிள்ளைகளுக்கோ ஷூ மாட்டிவிடுகிற வேலை. கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இதைப் பற்றி வைத்தியிடம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் சரளாவைத்தான். வளைகாப்பு வீடுகளில் வளையல் போடுகிற நேரம் வந்தால் யாராவது ஒரு பெரியம்மா அவளைப் பார்த்து, உள்ளே அந்த எலுமிச்சை சாதத்தைக் கொஞ்சம் கிளறி வைம்மா என்பார். போகாதே என்று யாரும் சொல்வதில்லை, வேலை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சரளாவும் கிளறப் போய்விடுவாள். இந்தக் கெட்டிக்காரத்தனத்தை யார்தான் கண்டுபிடித்தார்களோ.

போன வருஷம் இரண்டு பேரும் ஃப்ரேசர் டவுனில் ஒரு டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் முதலில் வைத்தியின் விந்தைச் சோதிக்கச் சொன்னார். ஊர்க் கோடியில் இருந்த வேறு ஒரு லேபில் கொடுத்துவிட்டு வந்தான். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு தனியாகப் போனபோது டாக்டரம்மா சொன்னார்: "எண்ணிக்கை சரியா இருக்கு. ஆனா அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கும்பலா நிக்குது. ஆன்டிபாடி இருக்கலாம். அதுக்குன்னு ஒரு டெஸ்ட் இருக்கு. இந்தப் பக்கத்துல ஒரே ஒரு லேப்லதான் பண்றாங்க." அந்த ஒரு லேப் வைத்தியின் லேப்.

ஆகட்டும் மேடம் என்று எழுந்து வந்தான். வீட்டில் சரளா கேட்டபோது, பரவாயில்லை என்று சொன்னார்கள் என்றான். பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை. லேபில் ரிசப்ஷனிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவனைத் தெரியும். அவர்கள் கண்ணெதிரே டப்பாவை வாங்கிக்கொண்டு சாம்பிள் கொடுக்கிற சின்ன ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்த அவனால் முடியாது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தான். அடுத்த மாதமும் அப்படியே போயிற்று. இன்னும் ஒன்றும் ஆகவில்லையே என்று சொந்தக்காரர்கள் வேறு பெரிய ஆஸ்பத்திரியைக் கை காட்டினார்கள். அங்கே எல்லாவற்றையும் சரளாவிடமிருந்து ஆரம்பித்தார்கள். கணவருக்கு எப்படி என்று அங்கே கேட்டபோது, வைத்தி சொன்னதை நம்பி, அவருக்கு நார்மல் என்று சரளாவே சொன்னாள்.

கர்ப்பப்பைக்குள் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன் என்று சரளா பின்னால் சொன்னாள். வயிற்றில் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, இந்தத் தரம் ஆபரேஷன் பண்ணித் திறந்து பார்க்கலாம் என்று நாள் குறித்துவிட்டார்கள். சரளா ஸ்கூலில் லீவு சொல்லிவிட்டு, ஜவுளிக்கடைப் பையில் நைட்டியும் துண்டும் சோப்பும் எடுத்து வைத்தாள். அந்தப் பை கதவோரம் உட்கார்ந்திருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வைத்தியின் காலில் இடறியது. அந்தப் பையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

சரளாவிடம் சொல்லாமல் ஃப்ரேசர் டவுன் டாக்டரம்மாவிடம் போய் நின்றான். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. திரும்பச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே நர்ஸ் ஒரு டப்பாவை நீட்டி, "லேப்லதானே வேல பாக்கறீங்க. உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வைத்திக்குத் தெரியாது. விந்துச் சாம்பிள் அவன் பெட்டியில் ஒருநாளும் வந்ததில்லை. கொடுக்கிறவர்கள் லேபுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆனால் சாம்பிள் என்றால் ஐஸ் என்பது அவன் கைக்குப் பழகிப்போன பாடம். மறுநாள் சரளா ஸ்கூலுக்குப் போனதும் வீட்டிலேயே எடுத்தான். ஈஸ்வரன் என்று பாதிப் பெயரையும் சீட்டிலிருந்த டெஸ்ட்டின் பெயரையும் டப்பாமேல் எழுதினான். வழக்கமாக ரத்தத்துக்குச் செய்வதைவிடக் கூடுதல் கவனமாக, மேலும் கீழும் ஐஸ் பை வைத்து நடுவில் செருகினான். காக்ஸ் டவுன் சென்டரிலிருந்து எடுத்த சாம்பிள்களோடு அதையும் சேர்த்துவிட்டு, சுற்றை முழுசாக முடித்துக்கொண்டு லேபுக்குப் போனான். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்தது என்று நினைத்தான்.

மத்தியானம் இரண்டாவது சுற்றை இறக்கிக்கொண்டிருந்தபோது உள்ளே குரல் கேட்டது. குளோரியாக்கா. மர்பி டவுன்காரர், லேபில் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தே முடி நரைத்தவர். விந்துச் சோதனை எல்லாம் அவர் கையில்.

"எவன்பா இத ஐஸ்ல வெச்சி அனுப்பினது? ஒண்ணுகூட அசையல. உயிரோட ஓடினாத்தானே மருந்துல இருக்கற பொடி மணி அதுமேல ஒட்டுதா இல்லையான்னு நான் பாக்க முடியும்? உடம்புச் சூட்டுல, ஒரு மணி நேரத்துக்குள்ள வரவேண்டிய சாம்பிள் இது."

மேனேஜர் ஆராவமுதன் வந்தார். எந்த சென்டர் என்று பார்த்தார். காக்ஸ் டவுன். அங்கே ரத்தம் எடுக்கிற பெண் ரக்ஷிதா, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆராவமுதன் அங்கேயே நின்று போனை ஸ்பீக்கரில் போட்டு அவளைப் பிடித்துக்கொண்டார். "நானு ஐஸ் ஹாகில்லா சார், நான் ஐஸ் வெக்கல. அப்படி ஒரு சாம்பிளே எங்ககிட்ட வரலை" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். பொய் வேறு சொல்கிறாயா என்றார் ஆராவமுதன். அவள் குரல் உடைந்துபோயிற்று.

வைத்தி காலியான பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சார், அந்தப் பொண்ணு இல்ல. நான்தான் வெச்சேன்."

"நீயா? வைத்தி, உன்கிட்ட இருந்து நான் இத எதிர்பாக்கல."

"தெரிஞ்ச ஆளு ஒருத்தர் குடுத்தாரு சார். நான்தான் போற வழியில சேத்துட்டேன். என் தப்பு."

ஆராவமுதன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார். வைத்தி கையில் கெட்ட முதல் சாம்பிள் என்று பையன்களுக்கு அன்றைக்கு நல்ல சிரிப்பு. வைத்தி படியில் போய் உட்கார்ந்தான். ஒன்றுகூட அசையவில்லை என்று கேட்டது மட்டும்தான் அவன் காதில் நின்றது. அது ஐஸால் செத்ததா, முதலிலிருந்தே அப்படித்தானா என்று நினைக்க நினைக்க மனது சோர்ந்துபோயிற்று.

டீ குடிக்க இறங்கி வந்த குளோரியாக்கா அவன் பக்கத்தில் நின்றார். அவனைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்த ஈஸ்வரன் யாருன்னு நான் கேக்கல. ஐஸ்ல வெச்சா யாரோடதா இருந்தாலும் அப்படித்தான் ஆகும், பயப்படாதன்னு அவன்கிட்ட சொல்லு. வெள்ளிக்கிழமை காலைல மத்தவங்க வர்றதுக்கு முன்னாடி நான் வந்துடுவேன். அவன வரச் சொல்லு. பெட்டி இல்லாம வரச் சொல்லு."

"சரிக்கா" என்றான் வைத்தி. 

வெள்ளிக்கிழமை ஈஸ்வரன் பெட்டி இல்லாமல் வந்தான். சின்ன ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினான். இதற்குத்தான் ஒரு வருஷம் பயந்தோமா என்று நினைக்கும்படி அது ஒரு சாதாரண ரூமாக இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு வாஷ்பேசின், போன வருஷத்துக் காலண்டர்.

குளோரியாக்கா ஒரு சொட்டு எடுத்து, அதில் வெள்ளை மருந்து ஒன்றைக் கலந்து கண்ணாடித் துண்டில் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஸ்டூலை விட்டு எழுந்தார். "கண்ண வெச்சிப் பாரு. ரிப்போர்ட்டா பாக்கறதவிட இப்பிடிப் பாக்கறது நல்லது."

முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. பொடிப் பொடியாக மணிகள். அவற்றுக்கு நடுவே உயிரோடு நெளிகிற அணுக்கள். சும்மா நெளியவில்லை. தலையிலும் வாலிலும் மணிகள் ஒட்டிக்கொண்டிருக்க, இழுத்துக்கொண்டு நகர்ந்தன. சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு கையிலும் மூட்டையோடு ஓடுகிற ஜனங்கள் மாதிரி இருந்தது. சிலது நகர முடியாமல் அதே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது.

"உயிரோடதான் இருக்கு" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இருக்கு. நெறையவே இருக்கு. ஆனா மணி இல்லாம ஓடறது ஒண்ணு ரெண்டுதான். ஆன்டிபாடி இருந்தாத்தான் இந்த மணி ஒட்டும்." கொரோனா சமயத்தில் ஊரே கற்றுக்கொண்ட வார்த்தை அது. அப்போது அது நல்ல வார்த்தையாக இருந்தது. "உன் உடம்பு உன்னோடதையே வேத்து ஆளுன்னு நெனச்சிக்கிச்சு, வைத்தி."

"எதனாலக்கா?"

"ஆபரேஷன் ஆனா வரும். அங்க பலமா அடிபட்டா வரும். ஒண்ணுமே இல்லாமலும் வரும். டாக்டர கேளு. நான் சொல்லக் கூடாது."

வைத்திக்கு டிவி பக்கத்தில் இருக்கிற ஷீல்டு ஞாபகம் வந்தது.

டாக்டரம்மாவும் அடித்துச் சொல்லவில்லை. அந்த அடியால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். உங்கள் மனைவிக்கு அந்த ஆபரேஷன் இப்போது வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரியில் நானே பேசுகிறேன் என்றார். வழி இருக்கிறது, ஒரே ஒரு அணுவை எடுத்து முட்டைக்குள்ளேயே ஊசியால் வைக்கலாம். ஆனால் முட்டை எடுப்பதற்கு அவளுக்குத்தான் நாள் தவறாமல் ஊசி போட வேண்டும்.

"கோளாறு எங்கிட்ட. ஊசி அவளுக்கா மேடம்?"

"அப்படித்தான்" என்றார் டாக்டரம்மா. அவருக்கும் அலுத்துப்போன கேள்வியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அன்றைக்குச் சுற்றை வேறு பையன் தலையில் கட்டிவிட்டு வைத்தி வீட்டுக்கு வந்தான். சரளா சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆபரேஷன் வேணாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"எந்த டாக்டரம்மா?"

"பழைய ஆளு. ஃப்ரேசர் டவுன்."

"அங்க ஏன் போன நீ?"

கதவோரம் அந்தப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். மணிகளைச் சொன்னான், ஐஸ் பெட்டியைச் சொன்னான், டேனரி ரோட்டில் பிடித்துக்கொண்டது இடுப்பு இல்லை என்பதையும் சொன்னான்.  முடித்ததும் அவள் கேட்டது குழந்தையைப் பற்றி இல்லை.

"அப்போ எனக்குக் கத்தி இல்லையா?"

"இல்ல."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பையை இழுத்து நைட்டியை வெளியே எடுத்தாள், துண்டை எடுத்தாள், சோப்பை எடுத்தாள். எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த டெஸ்ட்ட மொதல்ல எப்ப பண்ணச் சொன்னாங்க?"

அவள் கேட்காமல் இருந்துவிடுவாள் என்றுதான் வைத்தி வேண்டிக்கொண்டிருந்தான்.

"போன வருஷம்."

"எனக்கு மருந்து ஏத்திப் படம் எடுத்தாங்களே. அதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி."

"ஏன் பண்ணல?"

"லேப்ல எல்லாரும் தெரிஞ்சவங்க. வெக்கமா இருந்துச்சு."

"எனக்கு அங்க எல்லாரும் தெரியாதவங்க" என்றாள் சரளா. "தெரியாதவங்க முன்னாடி காலை விரிச்சிப் படுத்தா வெக்கமா இருக்காதுன்னு நெனச்சியா?"

 அவள் எழுந்து போய் வடித்த சோற்றை நிமிர்த்தி வைத்தாள்.

"ஊசி, முட்டை எல்லாம் அப்புறம். கொஞ்ச நாளைக்கு என்னை யாரும் குத்தக் கூடாது. ஞாயித்துக்கிழமை உன் தங்கச்சிக்கு வளைகாப்பு. எல்லாரும் வருவாங்க. நீயே சொல்லிடு. ஒவ்வொருத்தருக்கா சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டு மாடியில் ஷாமியானா போட்டிருந்தார்கள். வைத்தியின் அம்மா லட்சுமம்மா சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து வைத்தி நாற்காலி தூக்கினான், தண்ணீர் கேன் தூக்கினான், சொல்வதைத் தவிர எல்லா வேலையும் செய்தான். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கை கையில் வளையல் போட்டார்கள். சரளாவின் முறை நெருங்கியதும் பெரியம்மா திரும்பினார்.

"சரளா, உள்ள புளிச்சோறு ஆறிப்போயிருக்கும், கொஞ்சம் பாரும்மா."

சரளா எழுந்தாள். எழுந்து வைத்தியைப் பார்த்தாள்.

"அவ வளையல் போட்டுட்டு வருவா பெரியம்மா" என்றான் வைத்தி. "கொறை அவகிட்ட இல்ல. எங்கிட்ட."

மேளம் இல்லாத விசேஷம்தான், ஆனாலும் குழந்தைகள் சத்தத்தில் பெரியம்மாவுக்குக் காது கேட்கவில்லை. "இன்னாடா?" என்றார். அதனால் வைத்தி அதை இன்னொரு தரம், உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

"டெஸ்ட் பண்ணியாச்சு. சரளாவுக்கு ஒண்ணும் இல்ல. கொறை எனக்குத்தான்."

இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. ஆண்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். லட்சுமம்மா சந்தனத்தை விரலால் குழைத்துக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை.  தங்கைதான் நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு, "வாங்க அண்ணி, கை வலிக்குது" என்றாள்.

சரளா போய் வளையல் போட்டாள். பச்சை கொஞ்சம், சிவப்பு கொஞ்சம், பொறுமையாக, ஒன்றும் உடையாமல். கன்னத்தில் சந்தனம் பூசினாள். அப்புறம் சமையல்கட்டுப் பக்கம் போகவில்லை. பெரியம்மாவுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து தனக்கு ஒரு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சாயந்திரம் கிளம்பும்போது வைத்தி பைக்கைத் திருப்பி நிறுத்தினான். அவளுக்காகப் பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான். "சொல்லிட்டேன்" என்றான். ஏதாவது நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தான்.

"சொன்ன" என்றாள் சரளா. "ஒரு வருஷம் லேட்டு."

அவள் ஏறி, பெட்டி இருக்கிற இடத்தில் உட்கார்ந்தாள். அவன் தோளைப் பிடிக்கவில்லை, பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வைத்தி பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினான்.